நூற்றாண்டு மலரில் வெட்ட வேண்டிய வரி

டக். அப்புறம் இரண்டு அடி. மறுபடியும் டக். அந்தச் சத்தத்தைத்தான் முதலில் எழுதிக்கொள்.

பேராயரைப் பற்றி உங்களுக்கு இருக்கும் முதல் ஞாபகம் என்ன என்றுதானே கேட்டாய்? புருஷனைப் பற்றி என்று கேட்டிருந்தால் வேறு சொல்லியிருப்பேன். பேராயர் என்றால் இதுதான். எழுபத்தெட்டாம் வருஷம், அவருக்குப் பேராயராக அபிஷேகம் நடப்பதற்கு முந்தின நாள் மத்தியானம். நான் அடுக்களையில் சீலா மீனுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருக்கிறேன். கூடத்திலிருந்து டக், டக் என்று கேட்கிறது. எட்டிப் பார்த்தால் இவர் பீரோக் கண்ணாடிக்கு முன்னால் நடந்து பழகுகிறார். மேலே பனியன். கீழே சாரம். கையில் வெள்ளிப்பூண் போட்ட மேய்ப்பன் கோல். அதை எந்தக் காலோடு சேர்த்து ஊன்றுவது என்று அவருக்குப் பிடிபடவில்லை. இடது காலோடு ஊன்றிப் பார்க்கிறார், வலது காலோடு ஊன்றிப் பார்க்கிறார். கடைசியில் கண்ணாடிக்குக் கிட்டே போய், தன்னையே பார்த்துக் கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணுகிறார்.

"என்ன செய்யுதீங்க?" என்றேன்.

"நாளைக்கு ஆயிரம் பேரு பாப்பாங்கல்லா, ஹெப்சி. தடுக்கி விழுந்துறக் கூடாது பாரு."

நான் மறுபடியும் மீனுக்கு மஞ்சள் தடவப் போனேன்.  

நன்றாகச் சாய்ந்து உட்கார். அந்த நாற்காலி ஆடும், பயப்படாதே, விழாது. உன்னை நீ என்று சொல்லலாம் அல்லவா? குருப்பட்டம் வாங்கினவள், கழுத்தில் வெள்ளைப்பட்டை வேறு போட்டிருக்கிறாய். எனக்கு எண்பத்தொன்பது. அந்தச் சலுகையில் சொல்கிறேன். உங்கள் சேகரத்துச் சபைகளில் உன்னை எப்படிக் கூப்பிடுகிறார்கள்? ஆண் குருமாரைச் சொல்வதுபோல ஐயர் என்றா, ஐயரம்மா என்றா? ஐயரம்மா என்றால் ஐயரின் பெண்டாட்டி என்று ஆகிவிடுமே. பாஸ்டரம்மாவா? சரி. உன் புருஷனை என்ன சொல்கிறார்கள்? சிரிக்காதே, உண்மையாகவே கேட்கிறேன். என்னைப் பதினொரு வருஷம் பிஷப்பம்மா என்றார்கள். ஹெப்சிபா என்று ஒரு பெயர் இருந்ததே பாதிப் பேருக்குத் தெரியாது.

நீ கொண்டுவந்த தாளை நேற்றே வாசித்துவிட்டேன். நூற்றாண்டு மலரில் போட எழுதியது. பிறப்பு, படிப்பு, ஊழியம் எல்லாம் இருக்கட்டும். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. சிவப்பு மையால் கோடு போட்டிருக்கிறேன், பார். 'பெண்களுக்குக் குருத்துவம் அளிப்பதில் நம் திருமண்டலத்தின் முன்னோடி.' அதை வெட்டு. யார் எழுதினது? நீயா? உனக்கு என்ன வயது? முப்பத்து நாலா? அப்படியானால் உனக்கு எப்படித் தெரியும்? எண்பத்தொன்பதாம் வருஷத்துப் போட்டோவைப் பார்த்து எழுதியிருப்பாய். திருமண்டல நிர்வாகத்தைக் கையில் வைத்திருந்த லே செக்ரட்டரியின் மகள் முழங்கால் போட்டிருப்பாள், இவர் அவள் தலையில் கை வைத்துக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் போட்டோதானே? அதற்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்தது எந்தப் போட்டோவிலும் இருக்காது.

சொல்கிறேன். அதற்குமுன் அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள். கெட்டவர் இல்லை. ஒரு தடவைகூட என்னைக் கை நீட்டி அடித்ததில்லை. திருமண்டலத்துப் பணத்தில் ஒரு பைசா எடுத்ததில்லை. அவருக்கு வேண்டியதெல்லாம் எல்லாருக்கும் தன்னைப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான். கிழக்கே போனால் கிழக்கத்தியான் சொல்வது சரி, மேற்கே போனால் மேற்கத்தியான் சொல்வது சரி. கல் திறக்க அவருக்குக் கொள்ளை ஆசை. பள்ளிக்கூடத்துக்குக் கல், மதில் சுவருக்குக் கல், தண்ணீர்த் தொட்டிக்குக் கல். ஆண்கள் விடுதியில் கழிப்பறை கட்டினார்கள். அதன் சுவரில், 'பேராயர் அருட்பெருந்திரு மாசிலாமணி ஞானாதிக்கம் அவர்களால் ஜெபித்துத் திறக்கப்பட்டது' என்று இன்றைக்கும் பளிங்குக் கல் இருக்கிறது. போய்ப் பார். ஜெபித்துத் திறந்தாராம். ஊருக்கு ஊர் போர்த்தின பொன்னாடைகள் எங்கள் வீட்டில் இரண்டு பீரோ நிறையக் கிடந்தன. பூச்சி அரித்தது. ஒன்றையும் யாருக்கும் கொடுக்க விடமாட்டார். "இது கிறிஸ்தியாநகரத்துல போட்டது, ஹெப்சி" என்று தடவிப் பார்ப்பார்.

அவர் பேராயர் ஆனதற்காக நான் வேலையை விட்டேன். தெரியுமா உனக்கு? பெண்கள் கல்லூரியில் பதினேழு வருஷம் தமிழ் நடத்தினேன். செய்யுள் நடத்துகிறபோது வகுப்பில் மின்விசிறிச் சத்தம்கூட எனக்கு இடைஞ்சலாக இருக்கும், நிறுத்தச் சொல்லிவிடுவேன். வேர்த்து ஊற்றினாலும் பிள்ளைகள் அசையாது. அடுத்த வருஷம் துறைத்தலைவி ஆகியிருப்பேன். பேராயர் மனைவிதான் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குத் தலைவி என்று சட்டத்திலேயே இருக்கிறது. தேர்தல் கிடையாது. அவர் பேராயர் ஆன அந்த நிமிஷமே நான் தலைவி. "ரெண்டையும் எப்படிம்மா பாக்க முடியும்" என்றார்கள். ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. வருத்தம் இருந்தால் சொல்லியிருக்க மாட்டேனா? எத்தனையோ பேருக்கு அந்த நாற்காலிகூடக் கிடைக்கவில்லை.

இப்போது நவமணிக்கு வருகிறேன்.

எஸ்தர் நவமணி. ஓர் உபதேசியார் மகள். உபதேசியார் என்றால் என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டாம், குருவானவர் வர முடியாத ஊர்களில் ஜெபம் நடத்தி, பிரசங்கம் பண்ணி, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக் காலம் தள்ளுகிறவர். இவளும் அதே வேலைக்குத்தான் வந்தாள். ஆனால் இறையியல் படித்துப் பட்டம் வாங்கிக்கொண்டு வந்தாள். பதினாலு வருஷம் தேரிக்காட்டு ஊர்களில் சைக்கிளில் சுற்றினாள். செம்மணலில் சைக்கிள் ஓடாது, பாதி வழி தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். கறுப்பு, ஒல்லி, பல் கொஞ்சம் முன்னால் நிற்கும். கல்யாணம் ஆகவில்லை. கேட்டால், "யாரும் கேக்கலம்மா, நானும் தேடல" என்று சிரிப்பாள்.

பெண்களுக்கும் குருப்பட்டம் கொடுக்கலாம் என்று, எல்லாத் திருமண்டலங்களுக்கும் மேலே இருக்கிற சினாடு தீர்மானம் போட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. எண்பத்தாறில் இவள் விண்ணப்பம் போட்டாள். மறுக்கக் காரணம் இல்லை. பரீட்சை எழுதினாள். மூன்று ஆண்களும் எழுதினார்கள். இவள்தான் முதல். நிர்வாகக் கமிட்டி எங்கள் வீட்டு ஆபீஸ் அறையில் கூடியது. எதைப் பேசினார்கள் என்று நினைக்கிறாய்? வேதத்தையா? இவள் எதை உடுத்துவாள் என்று மூன்று மணி நேரம் பேசினார்கள். நான் காபித் தட்டோடு கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன்.

"சேலைக்கு மேல அங்கியா, அங்கிக்கு மேல சேலையா?" என்கிறார் ஒரு ஐயர்.

"அது கெடக்கட்டும், தலையில கை வைக்கணும்லா. கொண்டையில பூ இருந்தா?"

"பூ இருந்தா பேராயர் கை மணக்கும்யா."

கெக்கெக்கே என்று சிரிப்பு. அதில் இவர் சிரிப்பும் கேட்டது. எனக்கு நன்றாகத் தெரியும் அந்தச் சிரிப்பு, மூக்கால் வரும். காபித் தட்டை டொம்மென்று வைத்துவிட்டு நான் சொன்னேன்: "வெள்ளைப் பருத்திச் சேலை. மேல தோள்கச்சை. தலையில ஒண்ணும் கிடையாது. முடிஞ்சுது." முடிந்துவிட்டது.  ஆக, முதலில் அவளுக்கு ஆதரவாகப் பேசினது யார்? நான்தான். இதை நீ எழுதலாம்.

குருப்பட்டம் பெறுகிறவர்கள் முழங்கால் போடுவதற்கு நாலு சின்ன மெத்தை வேண்டும் என்றார்கள். நானே தைத்தேன். ஊதா வெல்வெட்டு, ஓரத்தில் வெள்ளைச் சிலுவை. நாலு பேருக்கும் ஒரே அளவு, ஒரே துணி. எந்த வித்தியாசமும் பார்க்கவில்லை.

நடுவில் பெண்கள் ஐக்கிய சங்கத்து ஆண்டுக் கூட்டம் வந்தது. எண்ணூறு பெண்கள். எனக்கு ரோஜா மாலை போட்டு நடு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நான் தலைமையுரை வாசித்தேன். எழுதி, மூன்று தடவை திருத்தினது, ஒலிநயம் பார்த்துப் பார்த்துச் செதுக்கினது. பின்வரிசையில் பிள்ளைக்குப் பால் கொடுத்தார்கள், கடலை தின்றார்கள். பரவாயில்லை. அப்புறம் நவமணி எழுந்து அரைமணி நேரம் பேசினாள். கையில் தாள் இல்லை. இலக்கணம் கிடையாது, 'வந்தாவ, போனாவ' என்று சந்தையில் பேசுகிற மாதிரி ஒரு பேச்சு. மண்டபம் முழுக்க அழுதது. கூட்டம் முடிந்ததும் பெண்கள் அவள் முன்னால் வரிசையாக நின்றார்கள். தலையில் கை வைத்து ஜெபியுங்கள் என்று. இன்னும் பட்டமே வாங்கவில்லை, பார்த்துக்கொள். என் நாற்காலிக்கு ஒருத்தியும் வரவில்லை. இது குறையில்லை. நடந்ததைச் சொல்கிறேன். மாலையிலிருந்து இதழ் இதழாக என் மடியில் உதிர்ந்துகொண்டிருந்தது, நான் அதைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

காபி ஆறுகிறது, குடி.

குருப்பட்டத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு அறிக்கை வாசிப்பது உனக்குத் தெரியும். உனக்கும் வாசித்திருப்பார்கள். கல்யாணத்துக்கு ஓலை வாசிக்கிற மாதிரி, அவரவர் சொந்த ஊர்க் கோயிலில். இன்னாரைக் குருவாக ஏற்படுத்தப் போகிறோம், தடை எதுவும் தெரிந்தவர்கள் சொல்லலாம். நவமணிக்கு முதல் ஞாயிறு வாசித்தாயிற்று. இரண்டாவதும் வாசித்தாயிற்று. யாரும் வாய் திறக்கவில்லை. இவருக்கு அதில்தான் தூக்கம் போய்விட்டது. தடை வரும், அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்று இருந்திருப்பார் போல. பதினாறு குருமார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள், பெண் கையால் நாங்கள் திருவிருந்து வாங்க மாட்டோம் என்று. அவர்களையும் பகைக்க முடியாது, சினாடையும் பகைக்க முடியாது. சாப்பாட்டு மேசையில் ஒரு இட்லியைப் பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை நவமணி என்னைப் பார்க்க வந்தாள். சில்லுக்கருப்பட்டிப் பொட்டலம் ஒன்று கொண்டுவந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். மற்ற உபதேசியார் வீட்டுப் பிள்ளைகள் வந்தால் தரையில்தான் உட்காருவார்கள். 

"அம்மா, உங்ககிட்ட மட்டும் ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"ரெண்டு வருசத்துக்கு முன்னால ஆலடித்தேரியில ஞானப்பூன்னு ஒரு ஆச்சி சாகக் கெடந்தாவ. எட்டு மாசமா அந்தக் கோயில்ல ராப்போசனமே இல்ல. ஐயருக்குப் பதினெட்டுக் கோயிலு, அது கடைசி ஊரு. அன்னைக்கு வாறேன்னு சொல்லியிருந்தாவ. ஆச்சி விடிஞ்சதுல இருந்து வாசலையே பாத்துட்டுக் கெடக்காவ. மத்தியானம் தாண்டிட்டு. ஐயர் வரல்ல. 'நீயே குடுட்டி'ன்னாவ. நான் மாட்டேன்னேன். 'எனக்குப் பொழுது இல்லட்டி, இவளே'ன்னாவ."

எனக்கு விளங்கிவிட்டது. "கொடுத்துட்டியா?"

"குடுத்துட்டேம்மா."

"என்னத்தைக் கொடுத்தே?"

"வீட்டுல ஒரு ரஸ்க்கு கெடந்துது. அவிய மகன் எறக்கின பதநீர் இருந்துது. ஒரு செரட்டையில ஊத்தி... ஜெபமெல்லாம் எனக்கு மனப்பாடம்லா. முழுசும் சொல்லித்தான் குடுத்தேன். சாயங்காலம் போயிட்டாவ."

குருப்பட்டம் இல்லாதவள் திருவிருந்து, அதாவது ராப்போஜனம், கொடுப்பது! அப்பத்துக்கும் திராட்சரசத்துக்கும் பதிலாக ரஸ்க்கையும் பதநீரையும் வைத்து! நீயே சொல், இது சின்ன விஷயமா? அந்த ஐயர் ஏன் வரவில்லை என்று கேட்டேன். "அன்னைக்கு மே பதினாலும்மா" என்றாள். அது இவருடைய அறுபதாம் பிறந்தநாள். எல்லாக் குருமாரும் வெள்ளை அங்கி போட்டுப் பவனியில் நடந்தார்கள். ஒருவர்கூட விடுபடக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பச் சொன்னது நான்தான். பேராயருக்கு ஒரு மரியாதை வேண்டாமா? அதனால் அந்த ஐயர் மேல் தப்புச் சொல்ல முடியாது.

"ஐயாகிட்ட சொல்லிறட்டுமா அம்மா? அவிய தலையில கை வைக்கிற நேரம் இது உள்ள கெடந்து உறுத்தும்லா" என்றாள்.

"சொல்லாதே" என்றேன். "ஞாயிற்றுக்கிழமை மூணாவது அறிக்கையும் முடியட்டும். நான் பாத்துக்கிடுதேன்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை காய்ப்புக் காய்த்து மரப்பட்டை மாதிரி இருந்தது. போனபிறகு நான் சோப்புப் போட்டுக் கழுவினேன். கருப்பட்டிப் பிசுக்கு.

மறுநாள் காலை இடியாப்பமும் சொதியும். இவர் வழக்கம்போல் பிய்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன்: "நவமணி ஆலடித்தேரியில ராப்போஜனம் கொடுத்திருக்கா."

நான் சொன்னது அந்த ஒரே வாக்கியம்தான். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஏன் சொன்னாய் என்று கேட்காதே. புருஷனுக்கு ஒளிக்கிற பழக்கம் எனக்கு எப்போதுமே கிடையாது.

அவர் தலையைத் தூக்கினார். "என்னது?"

சொன்னேன், முழுவதையும்.

"ரஸ்க்கா?"

"ரஸ்க்கு."

"பதநீரா?"

"பதநீர்தான்."

"அடப் பாவமே" என்றார். ரொம்பத் துக்கமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுத் தட்டை என் பக்கம் தள்ளினார். "ஹெப்சி, இன்னும் ரெண்டு இடியாப்பம் வையி."

அந்த முகத்தை நான் பார்த்தேன், பாப்பா. பத்து நாளாகச் சுருங்கிக் கிடந்த முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. சொதியை உறிஞ்சிக் குடித்தார். விரலை ஒவ்வொன்றாக நக்கினார்.  நான் ஒரு விஷயத்தைச் சொன்னால் அதை இப்படியா உபயோகிப்பது? கூப்பிட்டு நாலு வார்த்தை கண்டித்துவிட்டு, சரி போ என்று பட்டம் கொடுத்திருக்கலாமே. அப்படித்தான் செய்வார் என்று நினைத்தேன். பேராயருக்கு அந்த அதிகாரம் இருக்கிறதே!

மூன்றாம் ஞாயிறு நவமணி ஊரில் பெண்கள் ஞாயிறு. நான் சிறப்பு விருந்தினர். முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். அறிக்கை வாசித்தார்கள். தடை இருந்தால் சொல்லலாம் என்று ஐயர் நிறுத்தினார். ஆண்கள் பக்கத்தில் சேகரக் கமிட்டிச் செயலாளர் துரைப்பழம் எழுந்து நின்றார். வெள்ளிக்கிழமை அவர் எங்கள் வீட்டு ஆபீஸ் அறைக்கு வந்து போனது எனக்குத் தெரியும். நான்தான் காபி கொடுத்தேன்.

"எனக்கு ஒரு ஆட்சேபணை உண்டு" என்று சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து வாசித்தார். ஆலடித்தேரி, ஞானப்பூ, ரஸ்க்கு, பதநீர். எல்லாம் சரியாக இருந்தது.

 ஐயர் குனிந்து, "நவமணி, இது உண்மையாம்மா?" என்றார். அவள் பெண்கள் பக்கத்தில் ஐந்தாவது பெஞ்சில் நின்றாள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஞானப்பூ செத்துப் போயிருந்தாள். ஞானப்பூ மகன் பனையேறி, அவன் கோயிலுக்கு வருகிறவன் இல்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் துரைப்பழம் என்ன செய்திருப்பார்? என்னையா சாட்சிக்குக் கூப்பிட்டிருப்பார்?

"ஆமாய்யா" என்றாள். "குடுத்தேன்."

"பதநீரா?"

"பதநீர்தான். புளிச்சதில்ல."

பின்னால் யாரோ பொடிசுகள் சிரித்தார்கள். அப்போது அவள் துரைப்பழத்தைப் பார்க்கவில்லை. ஐயரையும் பார்க்கவில்லை. என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு முதுகில் கண் இல்லை, ஆனால் தெரிந்தது. திரும்பினேன். ஆமாம், என்னைத்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். ஏதோ கணக்குப் பாடத்தில் விடை தப்பாக வந்துவிட்ட பிள்ளை கரும்பலகையைப் பார்க்குமே, அப்படிப் பார்த்தாள். அதை நான் மன்னிக்கவில்லை. ஆட்சேபணை சொன்னது நானா? எழுந்து நின்றது நானா?

விசாரணைக்கு இவர் மூன்று பேர் கொண்ட குழு போட்டார். விசாரணை முடிகிறவரை பட்டம் நிறுத்திவைப்பு என்று அவளுக்குக் கடிதம் போக வேண்டும். அவருக்குத் தமிழ் சுமார்தான். அவர் கடிதங்களையெல்லாம் நான்தான் சரிபார்ப்பேன். இதையும் நான்தான் எழுதினேன். ஒரு கடுஞ்சொல் கிடையாது அதில். 'தங்கள் ஊழியத்தின் ஆர்வத்தை நாம் நன்கு அறிவோம்' என்று தொடங்கும். ஒரு மூச்சில் வாசிக்கலாம், எங்கும் தட்டாது. நகல் எங்காவது இருக்கும், வேண்டுமானால் தேடித் தருகிறேன்.

கடிதம் கிடைத்ததும் அவள் வந்தாள். இவர் பதறிக்கொண்டு எழுந்து, "வா மகளே, வா மகளே" என்றார். தலையில் கை வைத்து நீளமாக ஒரு ஜெபம் பண்ணினார். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. வரும், அவருக்கு நினைத்தால் வரும். பிறகு உள்ளே போய்ப் பீரோவைத் திறந்து, ஒரு பொன்னாடையைக் கொண்டுவந்து அவளுக்குப் போர்த்தினார். ஆயுசில் அவர் கொடுத்த ஒரே பொன்னாடை அதுதான்.

"காத்திரு மகளே. கர்த்தர் வழி திறப்பார்."

அவள் பொன்னாடையைக் கழற்றி நாலாக மடித்தாள். ஓரமெல்லாம் சரியாக வருகிறதா என்று பார்த்து மடித்தாள். நாற்காலியில் வைத்தாள். "வாறேன்யா" என்றாள். என்னைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும். "கொஞ்சம் மோராவது குடிச்சிட்டுப் போ" என்றேன். "வேண்டாம்மா" என்றாள். அம்மா என்றுதான் சொன்னாள். மரியாதையில் குறை வைக்கவில்லை.

குருத்துவ அபிஷேகம் மூன்று ஆண்களுக்கு நடந்தது. காலையில் போய்ப் பார்த்தால் பீடத்துக்கு முன்னால் எவனோ நாலு மெத்தையையும் வரிசையாகப் போட்டு வைத்திருக்கிறான். மூன்று பேருக்கு நாலு மெத்தை. பார்க்க அசிங்கமாக இருந்தது. நான்தான் ஒன்றை எடுக்கச் சொன்னேன். எடுத்தபிறகு மூன்றும் ஒரு பக்கமாக ஒதுங்கித் தெரிந்தன. தள்ளிப் போடச் சொன்னேன். அப்புறம் சரியாகிவிட்டது. இவர் கோலை ஊன்றிக்கொண்டு வந்தார். எட்டு வருஷத்தில் நன்றாகப் பழகிவிட்டது, ஒரு தடுமாற்றம் இல்லை.

விசாரணைக் குழு நாலு மாதம் கழித்து, 'இப்போதைக்குத் தகுதியில்லை' என்று எழுதிக் கொடுத்தது. அந்த 'இப்போதைக்கு' இவர் சேர்த்தது. எல்லாருக்கும் நல்லவர் அல்லவா? எண்பத்தொன்பதில் ஓய்வு பெறுவதற்கு இரண்டு மாதம் இருக்கும்போது, சினாடிலிருந்து கடிதம் வந்தது, உங்கள் திருமண்டலத்தில் மட்டும் ஏன் ஒரு பெண்கூட இல்லை என்று. லே செக்ரட்டரி மகள் அப்போதுதான் படித்து முடித்து வந்திருந்தாள். பதினாறு குருமாரில் ஒருவரும் மூச்சு விடவில்லை. லே செக்ரட்டரியைப் பகைத்தால் இடமாற்றம். ஆக, இவர் முன்னோடி ஆகிவிட்டார். படம் பிடித்தார்கள். விருந்து வைத்தார்கள்.  அதனால்தான் சொல்கிறேன், அந்த வரியை வெட்டு. கோழை என்று போட வேண்டாம், செத்தவரை அவமானப்படுத்த வேண்டாம். முன்னோடி என்று மட்டும் போடாதே. கேட்கவே கூசுகிறது.

என்ன? அப்படியானால் நடந்ததை அப்படியே எழுதிவிடட்டுமா என்கிறாயா? இடியாப்பம் முதற்கொண்டா? அது எதற்கு? நூற்றாண்டு மலர் பேராயரைப் பற்றியது, என்னைப் பற்றியது இல்லையே. என்னைப் பற்றி எழுதுவதானால் கல்லூரியில் பதினேழு வருஷம் என்று போடு. அபிஷேகத்துக்கு மெத்தை தைத்தேன் என்று போடு. போதும்.

ஏன் அப்படிப் பார்க்கிறாய்? நீயும் அதையேதான் கேட்கப் போகிறாய். ஏன் சொன்னீர்கள் என்று. நான்தான் சொன்னேனே, ஒளிக்கிற பழக்கம் இல்லை. அதுவும் போக, ஒழுங்கு என்று ஒன்று உண்டு. கேட்கிறவர்களுக்கெல்லாம் கேட்டவுடனே கொடுத்துவிட முடியுமா? நான் நாற்பது வருஷம் பீடத்துக்கு முன்னால் இருக்கிற அந்தக் கிராதிக்கு வெளியே, முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அங்கி துவைத்தேன், பிரசங்கம் திருத்தினேன், பீடத்துணிக்குக் கஞ்சி போட்டேன். கிராதிக்கு உள்ளே ஒருநாள் கால் வைத்ததில்லை. வைக்க வேண்டும் என்று நினைத்ததும் இல்லை. அவரவர் இடம் அவரவருக்கு. அவளானால் பதநீர்ச் சிரட்டையைத் தூக்கிக்கொண்டு நேரே உள்ளே நுழைந்துவிட்டாள். யாரையும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் பிறகுதான். அதுவும் என்னிடம். என்னிடம் ஏன் வந்து கேட்டாள்? எனக்கு என்ன அதிகாரம் இருந்தது? என்னால் அவளுக்கு என்ன கொடுத்திருக்க முடியும்?

போனை ஏன் கையில் எடுக்கிறாய்? நேரமாகிவிட்டதா? சரி. மழை வருகிற மாதிரி இருக்கிறது, குடை கொண்டுவந்தாயா?

அவளைப் பிறகு பார்த்தீர்களா என்றா? இல்லை. எழுதவும் இல்லை. எங்கே என்று எழுதுவது? வருஷா வருஷம் இவருக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினாள் என்று சொல்வார்கள், அது வேறு நவமணி. இவள் அனுப்பவில்லை.

பிறகு கேள்விப்பட்டதுதான்: நான் எழுதின அந்தக் கடிதம் கிடைத்த வருஷமே வேலையை விட்டுவிட்டு, வடக்கே தர்மபுரிப் பக்கம் ஒரு குஷ்டரோக ஆஸ்பத்திரிக்குப் போனாள். பெண்கள் வார்டில் சமையலைப் பார்த்துக்கொண்டாள். இருபத்தைந்து வருஷம் அங்கேதான் இருந்தாள். இரண்டாயிரத்துப் பதினொன்றில் மஞ்சள்காமாலையில் செத்துப்போனாள். பட்டம் கிடைக்கவில்லை.